பதினேழாம் எண் குப்பி

ஸ்ரீரங்கம்,
3 பிப்ரவரி 2024

முனைவர் ஷரபுன்னிசா அவர்களுக்கு,

இப்படித்தான் ஆரம்பிக்க வருகிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் உன்னை ஷரபு என்று கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. என் தலையிலிருந்து எடுத்ததில் அது போகவில்லை.

போன நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி எனக்கு மூளையில் ஆபரேஷன் நடந்தது. வலிப்பு எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. இடது காதுக்கு மேலே திறந்து, ஹிப்போகாம்பஸையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் எடுத்தார்கள். முந்தின நாள் நர்ஸ் ஒரு கற்றைத் தாள் கொண்டுவந்தாள். கடைசித் தாளில், எடுக்கும் துண்டில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்டிருந்தது. ஆராய்ச்சி செய்பவர் என்று உன் பெயர். கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

காலேஜ் நாளில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது நீ ஒருநாள் சொன்னாய்: "பெரியவங்களுக்குக்கூட மூளைல ஒரு எடத்துல புதுசா செல் பிறக்குதாம்டி. எங்க தெரியுமா? ஞாபகம் வைக்கிற எடத்துல." அந்த இடத்தைத்தான் இப்போது எடுத்திருக்கிறார்கள்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தவளுக்கு ஒரு சொல் வரவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன். முன் பெஞ்சுப் பெண் எழுந்து, "விகிதம், டீச்சர்" என்றாள். பதிமூன்று வருஷமாக நான் சொல்லிக்கொடுக்கும் சொல்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். என் துண்டில் புதிய செல்கள் பிறந்துகொண்டிருந்தனவா? நான் இழந்தது என்ன?

போன் செய்யாதே. உன் எண்ணை அப்போதே தடுத்து வைத்தேன். இப்போது போனில் பேசினால் சொற்கள் நின்று போகின்றன. எழுதினால் காத்திருக்கலாம்.

யமுனா

•

பாலக்கரை, திருச்சி,
8 பிப்ரவரி 2024

யமுனா,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அன்று லேபில் எனக்கு வேலை ஓடவில்லை. விதிப்படி இதற்கு நான் பதில் எழுதக் கூடாது. எங்களுக்கு வருவது பெயர் இல்லாத குப்பிகள். எண், வயது, ஆணா பெண்ணா, எடுத்த தேதி, அவ்வளவுதான். யாருடையது என்று நாங்கள் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

பொதுவாக உள்ளதைச் சொல்கிறேன். ஹிப்போகாம்பஸுக்குள் வளைந்த ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. அங்கே ஸ்டெம் செல்கள் ஓரமாக ஒண்டியிருக்கும். அவை பிரிந்து புதிய நரம்பு செல்லைத் தரும். எலியில் இது சாகும்வரை நடக்கிறது, நானே எண்ணியிருக்கிறேன். மனிதரில்தான் தகராறு. சின்னக் குழந்தைகளில் நிறைய இருக்கின்றன. வளர்ந்தவர்களில் இருக்கின்றன என்று ஒரு சாரார், இல்லவே இல்லை அல்லது இருந்தாலும் தேடிப் பிடிக்கத்தான் வேண்டும் என்று இன்னொரு சாரார். நான் ஆறு வருஷமாகத் தேடுகிறேன். வளர்ந்தவர்களின் துண்டை மெல்லிசாகச் சீவி, ஒரு சீவலுக்கு ஒன்று அகப்பட்டால் அன்றைக்கு எனக்குப் பெருநாள்.

டிசம்பரில் பதினேழாம் எண் குப்பியைத் திறந்தோம். பெண், வயது முப்பத்தாறு, நவம்பர் 23. இளம் செல்களுக்கு மட்டும் பச்சை ஏறும்படி செய்து பார்த்தேன். ஒரே சீவலில் அறுபத்து மூன்று. மூன்று முறை எண்ணினேன். பேராசிரியர் அழகிரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனுஷர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். கட்டுரை எழுதி அனுப்பியாயிற்று.

இதற்கு மேல் எழுதக் கூடாது. நீ கணக்கு டீச்சர்.

இன்னொன்று. அன்று நான் அவர்களிடம் சொன்னது பொய் இல்லை. அது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் உனக்கு ஏற்பட்டதற்கு வருந்துகிறேன்.

ஷரபுன்னிசா

•

ஸ்ரீரங்கம்,
12 பிப்ரவரி 2024

ஷரபுன்னிசா,

"சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் வருந்துகிறேன்." இந்த ஒரு வரிக்காக உன் கடிதத்தைக் கிழித்திருப்பேன். அந்த அறுபத்து மூன்றுக்காக வைத்திருக்கிறேன்.

அன்று நடந்ததை உனக்கு ஒருமுறை சொல்கிறேன், நீ அங்கே இல்லை. கைலாசபுரத்து மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டோடு வருவதாக இருந்தது. அதற்குப் பதிலாகத் தரகர் வந்தார். "பொண்ணோட சிநேகிதியே சொல்லிட்டாங்களாம், அதுக்கு வலிப்பு இருக்குன்னு" என்றார். அம்மா அந்தத் தரகரிடம் தலைகுனிந்து நின்றாள். மறைத்தது அம்மாதான், நான் இல்லை. முகூர்த்தத்துக்கு முன் மாப்பிள்ளையிடம் நானே தனியாகச் சொல்வதாக இருந்தேன். அதற்கு எனக்கு நாலு நாள் பாக்கி இருந்தது.

போகட்டும். அறுபத்து மூன்று! என்னிடமா இவ்வளவு இருந்தது என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை.

வலிப்பு இல்லை. ரிப்போர்ட்டிலும் பழைய தழும்பு மட்டும்தான், வேறொன்றும் இல்லை என்று போட்டிருக்கிறது. நடுநடுவே பால் தீய்ந்த வாடை மட்டும் அடிக்கிறது. அடுப்பில் பால் இருக்காது.

உன்னிடம் இன்னொன்று கேட்க வேண்டும், எனக்காக இல்லை. வார்டில் என் பக்கத்துப் படுக்கையில் மணப்பாறையிலிருந்து ஒரு குழந்தை இருந்தாள். தேவதர்ஷினி, ஐந்து வயது. அவளுக்கும் வலிப்பு, அதே இடம், அதே நாள் ஆபரேஷன். காலையில் அவள், அவளுக்கு அடுத்து நான். பாவம், அவள் துண்டில் கட்டி இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. மார்ச் நாலாம் தேதி தலைக்குக் கதிர் சிகிச்சை கொடுக்க ஆரம்பிக்கிறார்கள். அவள் அம்மா மலர்க்கொடி வாரம் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு அழுவாள். கதிர் பட்டால் அந்தப் புதிய செல்களெல்லாம் என்ன ஆகும்? குழந்தை படிப்பாளா?

யமுனா

•

பாலக்கரை,
16 பிப்ரவரி 2024

யமுனா,

கதிர் முதலில் தாக்குவது பிரிந்துகொண்டிருக்கும் செல்களைத்தான். கட்டியும் அப்படிப்பட்டது, ஸ்டெம் செல்லும் அப்படிப்பட்டது. ஐந்து வயதில் தலைக்குக் கதிர் கொடுத்தால் பின்னால் படிப்பிலும் ஞாபகத்திலும் குறைவு வர வாய்ப்பு உண்டு. கட்டி இருந்தால் வேறு வழியில்லாமல் கொடுப்பார்கள்.

சில விவரங்கள் எனக்கு வேண்டும். ஏன் என்று இப்போது கேட்காதே.

உன்னை எத்தனை மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள்? குழந்தையை வெளியே கொண்டுவந்து எவ்வளவு நேரம் கழித்து? ஒரே அறையா? மலர்க்கொடி ஆராய்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டாளா? உன் ரிப்போர்ட்டில் இருப்பதை வரிக்கு வரி எழுது.

பால் தீய்ந்த வாடையைப் பற்றி டாக்டரிடம் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் நாளைக்கே சொல், இல்லாத வாடை அடிப்பதும் சில சமயம் வலிப்பின் அறிகுறி.

ஷரபுன்னிசா

•

ஸ்ரீரங்கம்,
19 பிப்ரவரி 2024

ஷரபு,

நீ கேள்வி கேட்கும் விதம் எனக்குத் தெரியும். பிராக்டிகல் பரீட்சையில் கண்ணாடிச் சில்லு உடைந்தபோது, உடைந்தது என்று சொல்லாமல் "இங்க எத்தனை இருந்துச்சு?" என்று கேட்டவள் நீ.

ஒரே அறைதான். குழந்தையின் கட்டிலை வெளியே தள்ளிக்கொண்டு வரும்போதே என் கட்டிலை உள்ளே தள்ளினார்கள். வாசலில் இரண்டும் உரசிக்கொண்டன. மணி பதினொன்று இருபது. மலர்க்கொடி கையெழுத்துப் போடவில்லை. "எம்புள்ள தலைல எடுத்ததை எவனுக்கும் தர மாட்டேன்" என்று நர்ஸிடம் சத்தம் போட்டாள், அது வார்டு முழுக்கக் கேட்டது. ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

வாடையைப் பற்றிச் சொன்னேன். "கொஞ்ச நாள் இருக்கும்மா, போயிடும்" என்றார்.

இப்போது நீ சொல்.

யமுனா

•

பாலக்கரை,
23 பிப்ரவரி 2024

யமுனா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் அம்மா இருக்கட்டும்.

பதினேழாம் எண் துண்டு உன்னுடையது அல்ல என்று நினைக்கிறேன்.

அறுபத்து மூன்று என்ற எண்ணிக்கையை டிசம்பரிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முப்பத்தாறு வயதில் அத்தனை இளம் செல்களை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. முதலில் பார்த்தவள் நான் என்று பூரித்துப் போனேன். பழைய துண்டுகளின் படங்களை எல்லாம் எடுத்து வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். அது நான்கைந்து வயதுக் குழந்தையின் மூளை மாதிரி இருக்கிறது. மாதிரி என்ன, அதுவேதான். பிரியும் நிலையில் உள்ள ஸ்டெம் செல்களும் அப்படியே. அந்தத் தேதியில் எங்களுக்கு வந்தது ஒரே குப்பி. குழந்தையின் வீட்டில் சம்மதம் தரவில்லை என்று நீ எழுதினாய். அப்படியானால் உன் பெயருக்கான குப்பியில் அவள் துண்டு வந்திருக்கிறது. அதைத் தொடவே எனக்கு உரிமை இல்லை.

இது எங்களுக்கு வந்த சின்னத் துண்டில் மட்டும் நடந்த தவறாக இருக்கலாம். ஆபரேஷன் அறையிலேயே பெயர்ச் சீட்டு மாறியிருந்தால், நோய்ப் பரிசோதனைக்குப் போன பெரிய துண்டும் மாறியிருக்கும். உன் பெயரில் வந்த ரிப்போர்ட் தேவதர்ஷினியுடையது. அவள் பெயரில் வந்தது உன்னுடையது.

அதாவது கட்டி.

எழுதிவிட்டேன்.

நிச்சயப்படுத்த ஒரே வழி, உன் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுத்து, அதன் மரபணுவைப் பதினேழோடு ஒப்பிடுவது. இரண்டு நாள் வேலை. பேராசிரியர் அழகிரியிடம் சொன்னேன். "கமிட்டி மார்ச் பதினொண்ணு கூடுது. அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க. கட்டுரை வெளியே போயிருக்கு" என்றார். கதிர் மார்ச் நாலு. மருத்துவமனைக்குப் போனேன். ஆபரேஷன் செய்த டாக்டர், "உங்க லேப்ல கலந்துட்டு இங்க வந்து சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். குழந்தையின் முகவரியைத் தர மாட்டோம் என்கிறார்கள்.

நேற்று உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்கள். "இன்னும் என்ன சொல்லிக் கெடுக்க வந்திருக்க?" என்று கேட்டார்கள். திரும்பிவிட்டேன்.

பஞ்சு வைத்த குழாய் ஒன்றை இதோடு அனுப்புகிறேன்.

ஷரபு

•

ஸ்ரீரங்கம்,
25 பிப்ரவரி 2024

குழாய் வந்தது. அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

நீ எதையாவது சொன்னால் என் வாழ்க்கை நின்றுவிடுகிறது. அன்று கல்யாணம், இன்று இது. மூன்று மாதம் நான் நன்றாக இருந்தேன், தெரியுமா? அம்மா மண்டபம் படித்துறைக்கு நடந்துபோய்ப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்தேன். வலிப்புக்குப் பயந்து இருபது வருஷமாக என்னைத் தண்ணீர்ப் பக்கமே விட்டதில்லை. முதல் முறையாகக் காவிரியில் கால் வைத்தேன். அந்த மூன்று மாதத்தையும் ஒரு கடிதத்தில் எடுத்துவிட்டாய்.

நான் பஞ்சைத் தர மாட்டேன். தராவிட்டால் உனக்கு எதுவும் தெரியாது. உனக்குத் தெரியாவிட்டால் எனக்கு எதுவும் இல்லை.

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். இப்போது மலர்க்கொடி போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

அது எனக்கு இருந்தால், எத்தனை வருஷம்?

•

பாலக்கரை,
27 பிப்ரவரி 2024
(கதவிடுக்கில் வைத்தது)

யமுனா,

எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியாது. உன் துண்டை நான் பார்த்ததே இல்லை. மெதுவாக வளரும் வகையும் உண்டு, வேகமாக வளர்வதும் உண்டு. ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியாததால் மெதுவான வகையாக இருக்கும் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் சொல்ல முடியும். ஒன்று மட்டும் நிச்சயம். தெரியாமல் விட்டால் அதுவாகப் போகாது.

உன் கடிதத்தில் நாலு நாள் பாக்கி இருந்தது என்று எழுதியிருந்தாய். அது எனக்குத் தெரியாது. பதினோரு வருஷமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டது, உண்மையைத்தானே சொன்னேன் என்று. அது உன் உண்மை. யாரிடம், எப்போது சொல்வது என்பது உன் கையில் இருந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் பிடுங்கிக்கொண்டேன். அது சரியில்லை. "ஆனாலும்" எதுவும் சேர்க்கவில்லை.

ஆகையால் இந்த முறை கேட்கிறேன். உன்னைப் பற்றி யாரிடமும் சொல்ல மாட்டேன். உன் அம்மாவிடம்கூட.

ஆனால் அந்தக் குழந்தைக்கு இன்னும் ஆறு நாள்தான். வெள்ளிக்கிழமை மாலை வரை காத்திருப்பேன். அதற்குள் உன்னிடமிருந்து எதுவும் வராவிட்டால் நானே மணப்பாறைக்குப் போய் வீடு வீடாகக் கேட்டாவது மலர்க்கொடியைக் கண்டுபிடிப்பேன். உன் பெயரைச் சொல்லாமல், ரிப்போர்ட் தவறாக இருக்கலாம் என்று மட்டும் சொல்வேன். அதற்காக நீ என்னை ஆயுசுக்கும் வெறுத்தாலும் சரி.

ஷரபு

•

ஸ்ரீரங்கம்,
29 பிப்ரவரி 2024
(லேப் வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்தது)

ஷரபு,

நீ மணப்பாறைக்குப் போக வேண்டாம். நேற்று நான் போய்விட்டு வந்தேன்.

அம்மாவிடம் ஸ்கூலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினேன். வாயால் சொல்ல வராது என்று தெரியும். வீடு மாட்டுச்சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. மலர்க்கொடி தையல் மிஷினில் இருந்தாள்.

"வாங்க டீச்சர், என்ன இப்படிச் சொல்லாம கொள்ளாம? போன் போட்டேன், எடுக்கவே இல்லையே."

தேவதர்ஷினி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். தழும்பைச் சுற்றி முடி முளைக்கத் தொடங்கியிருக்கிறது. "டீச்சர், எனக்கு வலை மாதிரி ஒரு முகமூடி செஞ்சிருக்காங்க. அதப் போட்டுக்கிட்டு ஆடாம படுக்கணும்" என்றாள். கதிருக்கு முகத்தில் அச்சு எடுத்தாயிற்று, ஷரபு. அவள் பெயரை அதில் ஒட்டியிருக்கிறார்களாம்.

நான் வாயைத் திறந்தேன். "கட்டி" என்ற சொல் வரவில்லை. தாளை நீட்டினேன். அவள் உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தாள். பாதியில் நிறுத்தி முதலிலிருந்து படித்தாள்.

"அப்ப எம்புள்ளைக்கு ஒண்ணும் இல்லியா?"

"நிச்சயமாத் தெரியாது. சோதிச்சுப் பாக்கணும்."

அவள் முகம் மலர்ந்தது. ஒரு நொடிதான். பிறகு என் தலையைப் பார்த்தாள். "அப்ப அது... உங்களுக்கா டீச்சர்?"

நான் தலையாட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சாமி, இதுக்குச் சந்தோஷப்படக்கூட முடியலையே" என்று அழுதாள். யார் யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். குழந்தை தண்ணீர் கொண்டுவந்து எனக்கு முதலில் கொடுத்தாள்.

உறைக்குள் இரண்டு குழாய் இருக்கிறது. சிவப்பு நூல் கட்டியது என்னுடையது. இன்னொன்று அவளுடையது, மணப்பாறையிலேயே ஒரு லேபில் புதுக் குழாய் வாங்கினோம். மலர்க்கொடியின் சம்மதக் கடிதம் அவள் கையெழுத்தில் இருக்கிறது. எதையும் மாற்றிவிடாதே.

யமுனா

•

பாலக்கரை,
3 மார்ச் 2024, ஞாயிறு
(கதவிடுக்கில் வைத்தது)

யமுனா,

இரண்டு முறை செய்தோம். இரண்டாவது முறை நான் தொடவில்லை. குழாய் யாருடையது என்றே தெரியாத வேறொரு லேபில் நண்பர் இன்னாசிராஜ் செய்தார்.

பதினேழு தேவதர்ஷினியுடையது. மரபணுவில் பதினாறு இடங்களில் பார்த்தோம், பதினாறும் பொருந்துகின்றன. உன்னுடையது பொருந்தவில்லை.

முடிவின் மூன்று நகல்கள் வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று மலர்க்கொடிக்கு, ஒன்று மருத்துவமனைக்கு. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு இன்று காலை எழுதிவிட்டேன். பேராசிரியரிடம் அனுமதி கேட்கவில்லை. தெரிவித்தேன். அவர் போனை வைத்துவிட்டார்.

நாளை அவர்களோடு நானும் வர வேண்டுமா? நீ சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் வர மாட்டேன்.

ஷரபு

•

ஸ்ரீரங்கம்,
6 மார்ச் 2024

ஷரபு,

வர வேண்டாம் என்று நான் சொல்லியனுப்பியது கோபத்தில் இல்லை. உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன், அங்கே அழக்கூடாது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கதிர் அறை வாசலில் இருந்தோம். உள்ளேயிருந்து "தேவதர்ஷினி!" என்று கூப்பிட்டார்கள். குழந்தை பழக்கத்தில் எழுந்துவிட்டாள். மலர்க்கொடி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"வரமாட்டா. கூப்பிடாதீங்க."

"அம்மா, லேட்டாகுது. மெஷின் ரெடி பண்ணியாச்சு."

"மெஷின் கெடக்கட்டும். இதப் படிச்சுட்டு பெரிய டாக்டரை வரச் சொல்லுங்க."

டாக்டர் வந்தார். நின்றபடியே படித்தார். இரண்டாம் பக்கம் வந்ததும் உட்கார்ந்தார். "இந்த ரெண்டாவது பேஷன்ட் யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். சொல் தடுமாறவில்லை.

அன்றைக்கே, மெழுகில் பதித்து வைத்திருந்த இரண்டு துண்டுகளையும் வெளியே எடுத்துச் சோதித்தார்கள். இன்று மாலை கூப்பிட்டுச் சொன்னார்கள். ஆபரேஷன் அன்று இரண்டு டப்பாக்களும் ஒரே தட்டில் இருந்தனவாம். சீட்டு ஒட்டும்போது மாறிவிட்டது என்று ஒப்புக்கொண்டார்கள். டாக்டர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். குழந்தைக்கு வெறும் தழும்புதான். மலர்க்கொடி என் காலில் விழப் பார்த்தாள். நான் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு ரெண்டாம் நிலை. மெதுவான வகை. மறுபடி திறக்க வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று நானே சொல்லப்போகிறேன். நான்தான் சொல்ல வேண்டும்.

யமுனா

•

பாலக்கரை,
18 ஏப்ரல் 2024

யமுனா,

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரத்தில் நீயே எழுதிய கடிதம் வந்தது. எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பரவாயில்லை.

நவம்பரில் எடுத்த உன் உண்மையான துண்டைப் பார்க்க நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது, வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். நீ முதலில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் தரவில்லை என்பதால் ஒத்துக்கொண்டேன்.

நான்கு நாள் பார்த்தேன். நாற்பது சீவல்கள். இளம் செல் என்று சொல்லக்கூடியவை இரண்டு. அதில் இரண்டாவதை நான் நம்பவில்லை. அது வேறு செல்லில் ஒட்டிய சாயமாக இருக்கலாம். ஆகவே ஒன்று. வலிப்பும் கட்டியும் இருந்த மூளையை வைத்து எல்லாருக்கும் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது. உன் வலது பக்கத்தில் எத்தனை இருக்கின்றன என்றும் தெரியாது. உனக்கு இனிப்பாகச் சொல்ல ஒரு வாக்கியம் தேடினேன். கிடைக்கவில்லை.

பேராசிரியர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அடுத்த வருஷம் எனக்கு இந்த லேபில் இடம் இருக்குமா தெரியவில்லை. நீ இதற்காக வருந்தி எழுதாதே. தவறான அறுபத்து மூன்றைச் சுமந்துகொண்டு என்னால் இருந்திருக்க முடியாது.

ஷரபு

•

ஸ்ரீரங்கம்,
2 மே 2024

ஷரபு,

ஒன்று. நல்ல எண் அது. மாற்றிச் சொல்லாததற்கு நன்றி.

டாக்டரிடம் எத்தனை வருஷம் என்று நேராகக் கேட்டேன். "பத்து, பதினஞ்சு வருஷம் நல்லா இருக்கறவங்க இருக்காங்கம்மா. இல்லாதவங்களும் இருக்காங்க" என்றார். இரண்டு பாதியையும் சொன்னதால் அவரைப் பிடித்துப்போயிற்று. இவர் வேறு மருத்துவமனை. நவம்பர்க்காரர்களின் மேல் மலர்க்கொடியின் தம்பி புகார் கொடுத்திருக்கிறான். சாட்சிக்கு நானும் போகிறேன். தேவதர்ஷினி ஜூனில் ஒன்றாம் வகுப்பு. ஸ்கூலில் பெயர் எழுதச் சொன்னதற்குத் தன் பெயரோடு என் பெயரையும் எழுதிவைத்தாளாம்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. கல்யாணம் நின்றதற்கு இப்போது வருத்தம் இல்லை. நீ என்னிடம் கேட்காமல் விட்டது மட்டும் இன்னும் உறுத்துகிறது. ஆனால் முன்புபோல் தினமும் உறுத்துவதில்லை.

திங்கட்கிழமை எனக்குக் கதிர் ஆரம்பம். ஆறு வாரம். அம்மாவால் அந்த வாசலில் உட்கார முடியாது. யார் வருவது என்று பேச்சு வந்தது. நான் உன் பெயரைச் சொன்னேன். அம்மா கீரையை ஆய்ந்து முடித்தாள். அப்புறம், "காலைல எட்டு மணிக்கெல்லாம் கெளம்பணுமே. அவ வெறும் வயித்தோட வருவாளா, இங்க இட்லி சாப்பிடுவாளா?" என்று கேட்டாள்.

சாப்பிடுவாய் என்று சொல்லிவிட்டேன். ஏழரைக்கு வந்துவிடு.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன். பேசும்போது நடுவில் எனக்குச் சொல் வராமல் நிற்கும். அப்போது நீ எடுத்துக் கொடுக்காதே. கொஞ்சம் காத்திரு. பெரும்பாலும் வந்துவிடுகிறது.

யமுனா